கால்மாட்டில் தலையணை

ஸோலம் ஓட்டலுக்கு விளம்பரமே ஒரு வரிதான்: 'மனிதக் கண் படாத அறை.' எனக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த எங்கள் ஆபீஸ் தங்கராசு அதைப் படித்துவிட்டு, "திருஷ்டி கழிச்ச ரூமாட்ட இருக்குதுங் மேடம்" என்று சிரித்தார். கோயமுத்தூரில் சிரிப்பாகத்தான் இருந்தது.

நான் பம்ப்செட் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவைப் பார்க்கிறவள். கண்காட்சிக்காக வருடத்துக்கு ஒரு முறை எங்காவது வெளிநாடு போவேன். இந்தத் தடவை ராட்டர்டாம். ஸோலத்துக்கு உலகமெல்லாம் கிளை. எல்லாக் கிளையும் ஒரே அச்சு. சிங்கப்பூரில் தங்கியவருக்கு ராட்டர்டாமில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை என்பதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். வரவேற்பில் ஆள் கிடையாது. அறையைப் பெருக்க, துணி தேய்க்க, சாப்பாடு கொண்டுவர எல்லாவற்றுக்கும் ஓர் இயந்திரம். தோள் உயரம், சாம்பல் நிறம், இரண்டு கை, காலுக்குப் பதில் சக்கரம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கண்ணாடி. ஆங்கிலத்தில் மனப்பாடமாகச் சில வாக்கியங்கள் பேசும்.

இதற்குத்தான் கூடுதல் காசு. பிரபலங்கள் வருவார்கள், வீட்டைவிட்டு ஓடிவந்தவர்கள் வருவார்கள், யாரும் பார்க்காமல் நாலு நாள் அழ நினைப்பவர்கள் வருவார்கள். துணி மாற்றும்போது மூலையில் துடைப்பம் இருக்கிறதே என்று யாராவது கூச்சப்படுவார்களா? அந்த மாதிரிதான் இதுவும் என்று நினைத்தேன்.

அறை ஏமாற்றமாக இருந்தது. ஜன்னல் திறக்காது. சூப் ஆறிப்போய் வந்தது. மெத்தை ஒரு பக்கம் சரிந்திருந்தது. இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு குளியலறையில் ஒரு கொக்கி மாட்டத் தோன்றவில்லையே என்று எரிச்சல் வந்தது. எனக்குச் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வருகிற நேரம் அது. காரணம் திலீபன், என் கணவர்.

அவர் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். குடி கிடையாது, கைநீட்டியது கிடையாது. ஆனால் நான் எதைச் சொன்னாலும் அவர் பதில் ஒன்றே ஒன்று: "பாத்துக்கலாம் உடு." எனக்கு உடம்பு சரியில்லை என்றாலும் பாத்துக்கலாம். வேலையை விட்டுவிடட்டுமா என்றாலும் பாத்துக்கலாம். பதினொரு வருடமாக நான் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். ஊர் திரும்பியதும் பிரிந்துவிடலாம் என்று சொல்லப்போகிறேன். அதைச் சொல்லத் தைரியம் சேர்க்கத்தான் இந்தத் தடவை யாரும் இல்லாத இந்த ஓட்டல்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வந்தேன்.

முதல் நாள் மாலை வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. இயந்திரம் சூப் கிண்ணத்தை எடுக்க வந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, "நில்லு" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நாற்காலிக்கு எதிரே நிறுத்தினேன். அப்புறம் தமிழுக்கு மாறினேன்.

"நீதான் இப்ப திலீபன். வாயத் தொறக்காத. நான் பேசி முடிக்கற வரைக்கும் கேளு."

அது நின்றது. நான் பேசினேன். கல்யாணமான புதிதில் ஊட்டியில் அறை வாசலில் நின்று சண்டை போட்டது, கரு கலைந்த அன்று அவர் மருத்துவமனைக்கு வராமல் டீலர் மீட்டிங் போனது, அம்மா செத்தபோது என் தோளைத் தட்டிவிட்டு டிவி பார்க்கப் போனது எல்லாவற்றையும் பேசினேன். நடுவில் வார்த்தை தடுமாறினால், "இரு, மறுபடி மொதல்லருந்து வர்றேன்" என்று திருத்திக்கொண்டேன். நாடக ஒத்திகை மாதிரி இருந்தது. கடைசியில் அழுதுவிட்டேன். இயந்திரம் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டியது. நல்ல புரோகிராம் என்று நினைத்துக்கொண்டு குடித்தேன்.

மறுநாள் காலை என் ஷூவைக் காணோம். அறை முழுக்கத் தேடினேன். திரையில் புகார் கொடுத்ததும் விஷயம் தெரிந்தது. நான் கழற்றிவைத்த இடத்திலிருந்து அறை இயந்திரம் அதை எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்திருக்கிறது. நடைபாதையைச் சுத்தம் செய்யும் இன்னொரு இயந்திரம் குப்பை என்று அள்ளிப்போய்விட்டது. அறையில் இருந்த காகிதச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்க் கடை தேடி ஷூ வாங்கினேன். எங்கள் ஸ்டாலுக்கு நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்து அசடு வழிந்தேன்.

அன்று மாலை தேநீர்த் தட்டில் பால் ஊற்றும் குவளையைக் காணோம். குளியலறைக்குப் போனால் அது கழிப்பறைக் கோப்பைக்குப் பக்கத்தில் தண்ணீர் நிரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. பால் குவளை! இரண்டாவது புகார். படுக்கையைப் பார்த்தால் தலையணை கால்மாட்டில் கிடக்கிறது. விரிப்பையும் அதற்கேற்ற மாதிரி திருப்பி மடித்திருக்கிறது. எடுத்துத் தலைமாட்டில் போட்டுக்கொண்டு படுத்தேன். அன்றும் படுப்பதற்கு முன் இயந்திரத்தை நிறுத்தி ஒத்திகை பார்த்தேன். முந்தின நாளைவிட நன்றாகப் பேசினேன் என்று எனக்கே தோன்றியது.

அடுத்த நாள் திரும்பி வந்தால் மறுபடியும் தலையணை கால்மாட்டில். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இதற்கும் ஒரு புகார் தட்டினேன். 'தொடர் புகார். இயந்திரத்தின் நடத்தை குறித்து நாளை காலை விசாரணை' என்று பதில் வந்தது. நன்றாக விசாரிக்கட்டும் என்று தலையணையை இழுத்துத் தலைமாட்டில் போட்டு, காலை நீட்டி மல்லாந்தேன். வலப்பக்க ஜன்னல் வழியாக வெயில் கண்ணில் அடித்தது. என்ன இந்த ஊரில் சூரியன் சாயங்காலம் முழுக்க இறங்காமல் இருக்கிறது என்று சலித்துக்கொண்டு கையை வைத்து மறைத்தேன்.

சூரியன் வலப்பக்கம் இறங்குகிறது. அப்படியானால் வலப்பக்கம் மேற்கு. என் கால் தெற்கே. தலை?

சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வடக்கே தலைவைத்துப் படுக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். ராட்டர்டாமில் எந்த இயந்திரத்துக்கு இது தெரியும்? வாசலில் செருப்பைக் கழற்றி விடுவதும், கழிப்பறையில் தண்ணீர் வேண்டும் என்பதும் எந்த விஞ்ஞானி எழுதிவைத்த புரோகிராம்?

இயந்திரம் கதவோரம் நின்றிருந்தது. "வேறு ஏதாவது தேவையா?" என்று வழக்கம்போல் ஆங்கிலத்தில் கேட்டது.

"வெளிய போ!" என்று தமிழில் கத்தினேன்.

போய்விட்டது. தமிழ் புரிந்துதான் போனது. நான் விரிப்பை இழுத்துக் கழுத்து வரை போர்த்திக்கொண்டேன். இரண்டு நாளாக இந்த அறையில் எப்படியெல்லாம் இருந்தேன், என்னவெல்லாம் பேசினேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. உடம்பு கூசியது. குளிக்கப் போகவே பயமாக இருந்தது.

ராட்டர்டாமில் எனக்குத் தெரிந்த ஒரே தமிழ் ஆள் ரெஜின். நாகர்கோவில்காரன், இங்கே ரோபோ கை செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். எங்கள் ஸ்டாலில் தமிழ்ப் பேச்சுக் கேட்டு வந்து ஒட்டிக்கொண்டவன். போன் செய்ததும் ஓட்டலுக்கு எதிரே இருந்த காபிக் கடைக்கு வந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஒத்திகையை மட்டும் 'வீட்டு விஷயம் கொஞ்சம் பேசினேன்' என்று மழுப்பினேன்.

அவன் ஆச்சரியப்படவே இல்லை. "யக்கா, படுக்கை விரிப்பு மடிக்கது இருக்குல்லா, அத இன்னிக்கு வரைக்கும் ஒரு மிஷினும் ஒழுங்காச் செய்யல பாத்துக்கிடுங்க. பெருக்கும், தட்டத் தூக்கும். அதுக்கு மேல கை நடுங்கும். அந்த மிச்ச வேலைக்கு உள்ள ஒரு ஆளு வேணும். கையில உறை மாட்டி, கண்ணுல கண்ணாடி மாட்டி, எங்கேயோ உக்காந்து அதுக்க கைய இவங்க ஆட்டுவாங்க."

"எங்க உக்காந்து?"

"உங்க ஊருப் பக்கந்தான். பல்லடம், பொங்கலூருல பழைய கோழிப்பண்ணை ஷெட்ட வாங்கி ஏசி போட்டு வச்சிருக்கான். வரிசையா நாக்காலி. ஆம்பள உண்டு, பொம்பள உண்டு. யாரு எந்த ரூமுக்குன்னு கெஸ்ட் வந்து எறங்குத அன்னிக்குத்தான் அவங்களுக்கே தெரியும், கெஸ்ட் போற வரைக்கும் அதே ஆளுதான்."

"அப்ப 'மனிதக் கண் படாத' ன்னு போடறது?"

"எல்லாம் டூப்பு. தொழில்ல இருக்கவங்க எல்லாருக்கும் தெரியும். வெளிய சொல்ல ஆளு கிடையாது. வேலைக்குச் சேரும்போதே மொத விதி, மனுசன்னு காட்டிக்கிடப்பிடாது. வாயத் தொறந்தாலும் அந்தப் பக்கம் சத்தம் போவாது, பட்டனத் தட்டினா ரெடிமேட் இங்கிலீஷ் வரும், அவ்வளவுதான். உங்க ஆளு தமிழ்ச் சத்தம் கேட்டு மனசு எளகிட்டு போல."

எளகியதாம். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. "நாளைக்கு விசாரணைல உள்ள இருக்கற உண்மையச் சொல்லிருவேன்."

"சொல்லணும். படம் பிடிச்சுச் சேத்துவச்சா சட்டத்துல மாட்டிக்கிடுவான்னு கம்பெனி எதையும் சேமிக்காது. அதனால நீங்க சொல்லது மட்டுந்தான் சாட்சி. இந்த ஊருச் சட்டப்படி விசாரணைப் பதிவக் கம்பெனி அழிக்க முடியாது, உங்களுக்குப் பெரிய நட்ட ஈடு கிடைக்கும்."

"உள்ள இருக்கற ஆளுக்கு என்ன ஆகும்?"

ரெஜின் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "கம்பெனி கழண்டுக்கிடும். 'பயிற்சிக்கு வச்சிருந்த ஒரு ஆளு விதிய மீறிட்டு' ம்பான். சேரும்போது குடுத்த முன்பணத்தத் திருப்பிக் கட்டச் சொல்லுவான். வேற எந்த ஷெட்டுலயும் சேக்க மாட்டாங்க. ஆனா யக்கா, அதுக்காக நீங்க மறச்சியன்னா, நாளைக்கு இன்னொரு பொம்பள அதே ரூமுக்கு வருவா. அவளும் யாரும் இல்லன்னு நம்பித்தான் துணி மாத்துவா. யோசிச்சுக்கிடுங்க."

அவன் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அறைக்குத் திரும்பும்போது உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்துவிட்டிருந்தேன். அதற்கு முன் அந்த ஆளிடம் நாலு வார்த்தை கேட்காமல் விடக்கூடாது என்றும் இருந்தது.

இயந்திரத்தை அழைத்தேன். வந்து கதவருகே நின்றது. நான் சட்டைக்கு மேல் கோட்டும் போட்டுப் பொத்தானை மேல் வரை மாட்டியிருந்தேன்.

"உள்ள இருக்கறது ஆருன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஆளு இருக்குதுன்னு தெரியும்."

"மன்னிக்கவும். புரியவில்லை" என்றது ஆங்கிலத்தில்.

"பொய் பேசாதீங்க. தலகாணிய எதுக்கு மாத்தி மாத்திப் போட்டீங்க? வடக்குன்னுதான?"

கேள்வி கடல் தாண்டிப் போய்ப் பதில் வருவதற்கு எடுக்கும் நேரத்தைவிட அதிக நேரம் அது அப்படியே நின்றது. பிறகு அந்தக் கறுப்புக் கண்ணாடித் தலை மெல்ல ஒரு தோள் பக்கம் சாய்ந்து, மறு தோள் பக்கம் சாய்ந்தது. வெள்ளைக்காரன் பார்த்தால் ஆமாம் என்கிறதா இல்லை என்கிறதா என்று குழம்பிப்போவான். எனக்குக் குழப்பமே இல்லை. எங்கள் பக்கத்து வீட்டில், பேருந்தில், காய்க்கடையில் தினம் பார்க்கிற ஆமாம் அது.

"பொம்பளையா?"

தலை ஆடியது.

கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். மூச்சு வந்த மாதிரி இருந்தது. கேள்வி கேட்பதும் அது தலையாட்டுவதுமாகக் கொஞ்ச நேரம் போனது. பல்லடமா என்றேன், ஆடவில்லை. பொங்கலூரா, ஆடியது. கல்யாணம் ஆகிவிட்டதா, ஆடியது. வீட்டுக்காரர் கூட இருக்கிறாரா? ஆடவில்லை. அதற்கு மேல் அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று விட்டுவிட்டேன்.

"நான் பேசினதெல்லாம் கேட்டீங்களா?"

ரொம்ப நேரம் கழித்து ஆடியது.

"முழுசாவா?"

ஆடியது.

"பக்கத்து நாக்காலிக்காரங்களும் கேட்டாங்களா?"

இயந்திரம் இரண்டு கைகளையும் தூக்கித் தலையின் இரண்டு பக்கமும் பொத்திக் காட்டியது. காதில் மாட்டியிருக்கிறாள், அவளுக்கு மட்டும்தான் கேட்கும்.

"சிரிச்சீங்களா?"

தலை வேகமாக இப்படியும் அப்படியும் திரும்பியது. இல்லவே இல்லை. அந்த வேகத்தைப் பார்த்து எனக்குத்தான் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீரும் வந்தது. மூன்று நாள் முன்பு வரை நான் பேசினால் ஒரு ஆள் கடைசி வரை கேட்டதாக ஞாபகமே இல்லை. பொங்கலூரில் ஒரு கோழி ஷெட்டில் முகம் தெரியாத ஒருத்தி, திலீபனாக நில் என்றால் நின்று, ஊட்டி முதல் மருத்துவமனை வரை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. தலையாட்டிப் பெயர் சொல்ல முடியாதே.

"நான் அவர உட்டுட்டு வர்றது செரிங்களா?"

ஆடவில்லை. ஆமாம் இல்லை இரண்டுமே இல்லை. ஆலோசனை சொல்லாமல் விட்டாளே என்று நன்றியாக இருந்தது.

"நாளைக்கு வெசாரணை. ஆள் இருக்கறதச் சொன்னா உங்க வேலை போயிருமா?"

ஆடியது.

"சொல்லாம உட்டறட்டுங்களா?"

அசையவில்லை. கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். இயந்திரம் நகர்ந்து போய் நாற்காலியில் நான் விட்டெறிந்திருந்த துப்பட்டாவை எடுத்தது. நீளவாக்கில் இரண்டாக மடித்தது. அப்புறம் நாலாக, எட்டாக. முகவாய்க்கு அடியில் வைத்துப் பிடித்து மடிப்பதற்கு அதற்கு முகவாய் கிடையாது, ஆனாலும் தலையைக் குனிந்துதான் மடித்தது. கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டது. காலைப் பிடித்துக் கெஞ்சியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

காலையில் திரையில் ஒரு முகம் வந்தது. லீனா என்று பெயர். ஓட்டலின் விசாரணை உதவியாளர், இதுவும் முழுக்க இயந்திரம்தான் என்று கீழே எழுதியிருந்தது. பொன்னிறத் தலைமுடி, அளந்துவைத்த சிரிப்பு. விசாரணைக்காக அறை இயந்திரத்தையும் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார்கள். வந்து நின்றது. நான் அதைப் பார்க்கவில்லை. இரவெல்லாம் யோசித்து, ரெஜின் சொன்னதுதான் நியாயம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு வேறு வேலை பார்த்துத் தரலாம், எங்கள் கம்பெனியிலேயே கேட்டுப் பார்க்கலாம் என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லியாகிவிட்டது.

"நீங்கள் இந்த அறையில் இருந்த காலத்தில், இந்த இயந்திரத்தை ஒரு மனிதர் இயக்குகிறார் என்று நினைக்கும்படி ஏதாவது நடந்ததா?" லீனா ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நடந்தது. உள்ளே ஒரு பெண் இருக்கிறார்" என்றேன்.

லீனாவின் சிரிப்பு மாறவில்லை. "மன்னிக்கவும். சரியாகக் கேட்கவில்லை. கேள்வியை மறுபடியும் கேட்கிறேன்." அதே கேள்வியைக் கேட்டாள்.

நான் திரைக்குப் பக்கத்தில் போய், உரக்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "ஆமாம். ஒரு பெண். எனக்கு நன்றாகத் தெரியும்."

"மன்னிக்கவும். சரியாகக் கேட்கவில்லை." இந்தத் தடவை கேள்வி உடனே வரவில்லை. "அவசரம் எதுவும் இல்லை. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

பம்ப் ஓடும் சத்தத்துக்கு நடுவில் பேசினாலும் பிரித்துக் கேட்கும் மைக் எங்கள் ஸ்டாலிலேயே இருக்கிறது. இந்தச் சத்தமில்லாத அறையில், திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று கத்தினால் ஓர் இயந்திரத்துக்குக் காது கேட்காதா? நான் லீனாவின் முகத்தைப் பார்த்தேன். நீலக் கண் இமைக்காமல் என்னைப் பார்த்தது. அந்த முகத்துக்குப் பின்னால் இருக்கிறவளுக்கு நான் சொன்னது முதல் தடவையே கேட்டுவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பதிவு செய்யக் கை வரவில்லை அவளுக்கு. எந்த ஷெட்டோ, எத்தனையாவது நாற்காலியோ. ஒருவேளை இவளுக்குப் பக்கத்து நாற்காலியாகவே இருக்கலாம். மூன்றாவது தடவையும் காது கேட்காமல் போனால் அவள் வேலையும் போகும்.

என் நியாயம் எல்லாம் அந்த இடத்தில் கரைந்துவிட்டது.

"இல்லை" என்றேன். "அப்படி எதுவும் நடக்கவில்லை."

"அறையில் உங்களைத் தவிர யாரும் இல்லை என்று பதிவு செய்யட்டுமா?"

"யாரும் இல்லை."

"நன்றி" என்றாள் லீனா. திரை உடனே அணையவில்லை. சிரித்த முகமாகவே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அணைந்தது.

அன்றே எனக்கு ஊருக்கு விமானம். இயந்திரம் என் பெட்டியைக் கதவு வரை கொண்டுவந்து வைத்தது. எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் போய்ட்டு வர்றேனுங்க என்று சொல்லாமல் நான் படியிறங்கியதில்லை. வாயைத் திறந்தேன். யாரும் இல்லை என்று இப்போதுதான் சாட்சி சொன்னேன், யாரிடம் சொல்லிக்கொள்வது? என் வாழ்க்கையிலேயே என்னை முழுசாகக் கேட்ட ஒரே ஆளை இல்லை என்று சொல்லிவிட்டேன், அவளைக் காப்பாற்ற எனக்கு வேறு வழியும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

கீழே வரவேற்புக் கூடத்தில் ஒரு பெண் பெட்டிகளோடு நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். தலையைச் சுற்றி முக்காடு, நெற்றியில் ஒரு முடி வெளியே தெரியாமல் ஊசி குத்தியிருந்தாள். நெடுந்தூரம் பயணம் செய்து வந்த களைப்பு முகத்தில். என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்தில், "இங்கே தங்கியிருந்தீர்களா? எப்படி இருக்கிறது?" என்றாள்.

"சூப் ஆறிப்போய் வரும்" என்றேன்.

சிரித்தாள். "அது பரவாயில்லை. நான் தனியாகப் பயணம் போவது இதுதான் முதல் தடவை. வேறு எங்கே தங்கினாலும் யாராவது உள்ளே வருவார்கள், எந்நேரமும் முக்காட்டோடே இருக்க வேண்டும். இவர்கள் யாருமே இல்லை என்கிறார்கள். அதனால்தான் இங்கே வந்தேன்." பக்கத்தில் வந்து குரலைத் தணித்துக்கொண்டாள். "உண்மையா? நிஜமாகவே யாரும் இல்லையா?"

ரெஜின் சொன்ன அந்த இன்னொரு பெண் இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பாள் என்று நான் நினைக்கவில்லை. இருக்கிறார்கள் என்று சொன்னால் இவள் நேரே திரைக்குப் போய்க் கேட்பாள். மேலே விசாரணை மறுபடி திறக்கும். இந்தத் தடவை பொங்கலூர்க்காரியோடு லீனாவும் சேர்ந்து மாட்டுவாள்.

"யாரும் இல்லை" என்றேன். காலையில் அதைச் சொல்ல அவ்வளவு சிரமப்பட்டேன், இப்போது சரளமாக வந்தது.

"அப்பாடா" என்று என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

லிஃப்ட் திறந்தது. உள்ளே இவளுடைய தளத்துக்கான சாம்பல் இயந்திரம் நின்றிருந்தது. வெளியே வந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. அவளும் போய் அதன் எதிரே நின்றாள். கதவு மூட ஆரம்பித்தபோது என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கழுத்தோரம் கையைக் கொண்டுபோய் முதல் ஊசியை உருவினாள். இயந்திரத்தின் கறுப்புக் கண்ணாடி அவள் பக்கம் திரும்பியிருந்தது. அதற்குள் இருப்பது ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது.